கதவு சாத்திய நாளில் ரஹேல் மௌஷி

பம்பாயில், செம்பூரில் நாங்கள் குடியிருந்த பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில், மழை ஓய்ந்து வெயில் சுள்ளென்று அடிக்கத் தொடங்கும் நாட்களில், ஒரு சாயங்காலம் எதிர்வீட்டிலிருந்து தேங்காய்ப் பூரணம் வைத்த பூரி பொரியும் வாசனை வரும். அது அடங்கியதும் தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்கும். மறுநாள் இருட்டும்வரை அந்தக் கதவு திறக்காது. யூதர்களான அவர்கள், செய்த பிழைகளுக்கெல்லாம் ஆண்டவனிடம் மன்னிப்புக் கேட்டு, பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல், வெளியார் முகம் பார்க்காமல் இருக்கும் நாள் அது. அன்றைக்கு வண்டி ஏறவும் கூடாது; பைகுல்லாவில் இருந்த அவர்களுடைய ஜெபாலயம் நடந்துபோக முடியாத தூரம் என்பதால் வீட்டிலேயே இருந்து ஜெபிப்பார்கள். எங்கள் மாடியில் அதற்கு "கதவு சாத்துற பண்டிகை" என்று பெயர்.

எதிர்வீட்டு ரஹேல் மௌஷி பிரசவ ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ். மராட்டியில் "மௌஷி" என்றால் சித்தி. தாராவியிலிருந்து வரும் நம் பெண்களுக்குப் பிரசவம் பார்த்துப் பார்த்தே தமிழ் கற்றவர் ஆதலால், "முக்கு", "மூச்சு விடு", "பயப்படாதே" ஆகிய மூன்றும் அவருக்குப் பிசிறில்லாமல் வரும். மீதிக்கெல்லாம் பம்பாய் இந்திதான்.

எனக்கு ஒன்பது வயதாக இருந்த வருடம், அந்தப் பண்டிகையன்று காலையில், காய்ச்சலில் கிடந்த என் இரண்டு வயதுத் தங்கை ஜெஸிக்குக் கண் மேலே செருகி, கைகால் வெட்டி வெட்டி இழுத்தது. தாராவியில் தோல் பட்டறையில் செருப்பு தைக்கும் அப்பா அதற்குள் வேலைக்குப் போய்விட்டிருந்தார். அம்மா அவளை மடியில் போட்டுக்கொண்டு பல்லிடுக்கில் கரண்டியை நுழைக்கப் பார்த்தாள்.

"மௌஷியக் கூப்பிடட்டாம்மா?"

"இன்னைக்கா? ஏட்டி, அந்தக் கதவத் தட்டக் கூடாதுட்டி!" என்று அழுதாள்.

நான் ஓடிப்போய் இரண்டு கையாலும் அடித்தேன். திறந்தவர் மௌஷியின் கணவர் பெஞ்சமின் அங்கிள். வெள்ளை உடை, வெள்ளைக் குல்லா. சாதாரண நாளிலேயே அதிகம் பேசாத மனிதர். நான் பயத்தில் "ஜெஸி, ஜெஸி" என்று மட்டும் சொன்னேன். அவர் உள்ளே திரும்பி "ரஹேல்!" என்றார். அவ்வளவுதான்.

வெள்ளைப் புடவையில் வந்த மௌஷி கரண்டியைப் பிடுங்கி எறிந்தார், ஜெஸியை ஒருக்களித்துப் படுக்கவைத்துச் சட்டையைத் தளர்த்தினார், "பயப்படாதே" என்றார். இழுப்பு நின்றதும் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினார். அன்றைக்கு அவர்கள் தோல் அணிவதில்லை. வெளியே போட்டுக்கொள்ள அவரிடம் இருந்ததோ தோல் செருப்பு; எங்கள் வீட்டிலிருந்தவையெல்லாம் அப்பா தைத்தவை. வெறுங்காலோடுதான் டாக்சியில் ஏறினார்.

ஆஸ்பத்திரியில் ஜெஸி கண்திறந்து பால் கேட்ட பிறகுதான் மௌஷி உட்கார்ந்தார். யாரோ நீட்டிய தண்ணீரைக் கையாலேயே மறுத்துவிட்டார். ராத்திரி வைத்திருந்து பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதால் அம்மா தங்கிவிட, என்னை அழைத்துக்கொண்டு மௌஷி கிளம்பினார். இந்தமுறை டாக்சி பிடிக்கவில்லை. உயிருக்கு ஆபத்து என்பதால்தான் வரும்போது வண்டி ஏறினாராம், இனி நடைதான். உச்சிவெயிலில் தார் கொதிக்க, நிழல் விழுந்த ஓரமாகப் பார்த்துப் பார்த்து அடிவைத்து நடந்தார். என்னால் பொறுக்க முடியவில்லை.

"மௌஷி, நாந்தான கதவத் தட்டினேன். ஆண்டவர் ஒங்க மேல கோவப்படுவாரா?"

உலர்ந்த உதட்டோடு சிரித்தார். "மேரேகோ பூச்சா தோ போலேகி, ட்யூட்டி தா. தூ பயப்படாதே." என்னைக் கேட்டால், டியூட்டி இருந்தது என்று சொல்லிக்கொள்கிறேன் என்றார்.

அப்பா வரும்வரை அந்தச் சாத்திய கதவுக்குள்ளேயே என்னை வைத்துக்கொண்டார்கள். மகன் டேவிட்டோடு உட்கார்ந்து எபிரேயத்தில் ஓதிக்கொண்டிருந்த அங்கிள், நடுவில் புத்தகத்தில் விரலை வைத்துக்கொண்டு நிமிர்ந்து, "பச்சி கோ கிலாயா க்யா?" என்றார். பிள்ளைக்குச் சாப்பாடு கொடுத்தாயா என்று கேட்கிறார்! பட்டினி கிடந்த மூன்று பேர் முன்னால் உட்கார்ந்து நான் நான்கு பூரி தின்றேன்.

அடுத்த வாரம் அப்பா, கித்தான் துணியில் ரப்பர் அடி வைத்து ஒரு ஜோடி செருப்பு தைத்து எடுத்துப் போனார். "இதுல தோலு ஒரு பொட்டுகூட இல்ல, மௌஷி" என்று மூன்று தடவை சொன்னார். அதன்பிறகு ஒவ்வொரு வருடமும் அந்த நாளில், அந்தச் செருப்பைப் போட்டுக்கொண்டு மௌஷி வீட்டுக்குள் நடமாடும் "சளக் சளக்" சத்தம் எங்களுக்குக் கேட்கும். கேட்டதும் அப்பா முகத்தைப் பார்க்க வேண்டுமே!

இப்போது அந்தக் கட்டடம் இல்லை. கார் நிறுத்தவே நான்கு தளம் ஒதுக்கிய கோபுரம் ஒன்று அங்கே நிற்கிறது. நான் வாஷியில் இருக்கிறேன். மௌஷி குடும்பம் தாணேவுக்குப் போய்விட்டது. சென்ற வருடம், நிறைவயதில் மௌஷி காலமான செய்தி கேட்டு ஜெஸியும் நானும் போனோம். தலை நரைத்த டேவிட், நாங்கள் யாரென்று சொன்னதும், "உங்களில் ஜெஸி யார்?" என்று கேட்டார். ஒவ்வொரு வருடமும் அந்த நாளில், வீட்டுப் பிள்ளைகளின் பெயர்களைச் சொல்லி ஜெபிக்கும்போது மௌஷி அந்தப் பெயரையும் சேர்த்துச் சொல்வாராம்.

நடந்த எதுவுமே நினைவில்லாத என் தங்கை, வகுப்பில் பெயர் கூப்பிட்டதும் எழுந்து நிற்கும் சிறுமியைப்போல, மெதுவாகக் கையை உயர்த்தினாள்.