கண்டி அரண்மனையில் நான் பேசிய பேச்சு

ஞாயிறு காலை எட்டு மணிக்குக் கட்டுகஸ்தோட்டையில் பஸ் ஏறினோம். கண்டிக்கு ஐந்து கிலோமீட்டர்தான். என்னைக் கூட்டிப்போனவள் சாந்தி. அவள் தங்கை மதுரையில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்து படிக்கிறாள். அந்தப் பழக்கத்தில் சாந்தி வீட்டில் சில நாள் தங்க வந்திருந்தேன். சாந்தி பேராதனையில் பட்டம் வாங்கியவள், கண்டியில் ஒரு கம்பெனியில் கணக்காளர். “வெள்ளைச் சேல இருந்தா உடுத்துங்கக்கா, கோயிலுக்கு நல்லா இருக்கும்” என்றாள். நான் சிவப்புச் சுங்குடியில் கிளம்பினேன்.

தலதா மாளிகை வாசலில் பைகளைச் சோதித்தார்கள். செருப்பைக் கொடுத்துவிட்டுக் குளிர்ந்த கல்லில் நடந்தோம். ஒன்பதரைப் பூசைக்கு முரசு முழங்கியது. தாமரையும் அரளியும் ஏந்திய வெள்ளுடைக் கூட்டம் எங்களை மெல்ல மேலே தள்ளிக்கொண்டு போனது. புத்தரின் புனிதப் பல் இருக்கும் பேழையை ஒரு கணம்தான் பார்க்க முடிந்தது. பொன் மினுங்கியது, அதற்குள் நகரச் சொல்லிவிட்டார்கள்.

அடுத்து மகுல் மடுவ. கண்டி அரசர்கள் கொலுவிருந்த மண்டபம் அது. சுவரே கிடையாது, செதுக்கிய மரத்தூண்கள் ஓட்டுக்கூரையைத் தாங்கி நிற்கின்றன. ராஜ்ஜியத்தை வெள்ளைக்காரனுக்கு எழுதிக்கொடுத்ததும் இங்கேதான். கடைசி ராஜா மதுரைப் பக்கத்து நாயக்கர் வழியில் வந்தவர் என்று படித்திருந்தேன். தூணைத் தொட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

“பாத்தியா சாந்தி! இங்க உக்காந்து ஆட்சி பண்ணினவரு நம்ம ஊர்க்காரரு. வெளிய இருக்கிற குளத்த வெட்டினதும் அவருதான். எல்லாம் நம்ம சொத்து. இவங்க சும்மா வந்து கும்பிட்டுட்டுப் போறாங்க!”

“மெதுவாப் பேசுங்கக்கா.”

“எதுக்கு மெதுவா? இப்படிப் பயந்து பயந்து கெடக்குறதாலதான் உங்கள ஏறி மிதிக்கிறாங்க.”

சாந்தியின் முகம் வெளிறியது. என் பேச்சால் அல்ல. அடுத்த தூணருகே பூத்தட்டோடு ஒரு வயதான சிங்கள அம்மா நின்றிருந்தார். சாந்தி குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர். நான் வந்து இறங்கிய அன்று கேட்டருகே பார்த்திருக்கிறேன். அவர் அருகே வந்து, “கவுத மே?” என்று கேட்டார். யார் இது என்று கேட்கிறார் எனப் புரிந்தது. சாந்தி சிங்களத்தில் சொன்ன பதிலில் எனக்கு விளங்கியது ஒரே சொல்: அக்கா. அந்தச் சொல் இரண்டு மொழியிலும் ஒன்றுதான். அவர் தலையசைத்துவிட்டுப் போனார்.

“நல்லவேள, அவங்களுக்குத் தமிழ் தெரியாது” என்றேன்.

குளக்கரைக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் சாந்தி பேசினாள்.

“அவங்க அப்பா நுவரெலியாவுல நம்ம ஆளுங்களுக்கு நடுவுல கட வச்சிருந்தாரு. நம்மள விட நல்லாத் தமிழ் பேசுவாங்க.”

நான் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

“எத்தனையோ எடத்துல வீடு கேட்டோம்கா. பேரச் சொன்னதும் வீட்டக் குடுத்தாச்சும்பாங்க. இவங்கதான் குடுத்தாங்க.” குளத்தைக் கைகாட்டினாள். “இன்னொன்னுக்கா. அந்த ராஜா வந்தப்ப எங்க ஆளுங்க கூட வரல. ராஜாவப் புடிச்சிட்டுப் போன வெள்ளக்காரன்தான் எங்களக் கூட்டிட்டு வந்து காப்பி, தேயிலத் தோட்டத்துல விட்டான். அரண்மனையில எங்களுக்குப் பங்கு ஏது?”

பகலில் பைரவகந்த புத்தர் சிலைக்கும் ஏறினோம். அங்கிருந்து நகரம் முழுவதும் தெரியும் என்பார்கள். தெரிந்திருக்கும். நான் பார்த்ததாக நினைவில்லை.

மாலை வீடு திரும்பியதும், “நான் போய் மன்னிப்புக் கேட்டுட்டு வர்றேன்” என்று எழுந்தேன். சாந்தி கதவை மறித்து நின்றாள்.

“வேணாங்கக்கா. இப்ப அவங்க காதுல விழாத மாதிரி இருக்காங்க. நீங்க போய் மன்னிப்புக் கேட்டா, விழுந்ததா ஆயிடும். அப்புறம் அவங்க ஏதாவது சொல்லியே ஆகணும். அவங்க புருஷனுக்கும் தெரிய வரும். விட்டுடுங்க.”

“என்னால நீ வீட்டக் காலி பண்ண வேண்டி வந்தா?”

“தெரியல. பாக்கலாம்.”

செய்த தப்புக்கு மன்னிப்புக் கேட்கும் சுகம்கூட எனக்கு இல்லை. அவள் போட்டுத் தந்த, பால் சேர்க்காத பிளேன் டீயைக் குனிந்த தலையோடு குடித்தேன். அவள் வழக்கம்போல மறுநாள் சமையலுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். அக்கா என்று கூப்பிடுவதையும் நிறுத்தவில்லை. அதுதான் அதிகம் சுட்டது.

திங்கள் காலை கொழும்பு ரயிலுக்கு ஆட்டோ வந்தது. கேட்டருகே வீட்டுக்கார அம்மா செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் குழாயை மூடினார்.

“போறீங்களா?” என்றார், தமிழில். “மதுரையிலயும் பெரிய அரண்மனை ஒண்ணு இருக்காமே. படத்துல பாத்திருக்கேன். யாரு கட்டினது?”

எங்கள் ராஜா என்று சொல்ல வாயெடுத்தேன். அதைக் கட்டிய நாயக்க ராஜாவின் தாய்மொழி தெலுங்கு. அந்தத் தூண்களுக்கு நடுவே நான் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எத்தனையோ தடவை நடந்திருக்கிறேன். இது எங்கள் ஆள் கட்டியது, நீ சும்மா பார்த்துவிட்டுப் போ என்று இதுவரை யாரும் என்னிடம் சொன்னதில்லை.

“பழைய ராஜா ஒருத்தரும்மா” என்றேன். “நீங்க வாங்க. நான் கூட்டிட்டுப் போய்க் காட்டுறேன்.”

“பாப்பம்” என்று சிரித்தார். பிறகு சாந்தியின் பக்கம் திரும்பி, மத்தியானம் வேலைக்கு ஆள் வருவான், உன் வீட்டில் ஓடு ஒழுகும் இடத்தைக் காட்டு என்றார். அதையும் தமிழிலேயே சொன்னார், எனக்கும் கேட்கட்டும் என்பது போல.