தூதரகத்துக்குப் போன கடிகாரம்

எங்கள் ஊரில் ஓர் ஐரோப்பிய நாட்டின் தூதரக பங்களாவைப் புதுப்பித்து, அந்நாட்டு ஓவியங்கள், நாற்காலிகள் எல்லாம் வைத்து, இன்று பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன்.

காஜா பேராங்கில் எங்கள் வீட்டு வாசலில் காரில் ஏறும்போதே அம்மா கையில் வண்ணத்தாள் சுற்றிய பெட்டி.

"என்னம்மா இது?"

"புதுப்பிச்ச வீட்டுக்கு வெறுங்கையோடயா போவாங்க? நாம வீடு குடிபுகுந்தப்ப வந்த கடிகாரமே ஸ்டோர் ரூம்ல அஞ்சு சும்மா கெடக்கு. அதுல ஒண்ணு."

அங்கே சுற்றிக் காட்டிய தூதரக அம்மையார் ஒரு வெள்ளைச் சுவர் முன்னால் நின்று, "இதை வேண்டுமென்றேதான் காலியாக விட்டிருக்கிறோம். இந்த வெறுமைதான் எங்கள் நாட்டு அழகு" என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். அவர் உச்சுக் கொட்டினார்.

"பாவம், ரெனவேஷன் பண்ணியே காசு தீந்திருக்கும்."

பெட்டியை நீட்டிவிட்டார். அம்மையார் நெஞ்சில் கைவைத்து வாங்கிக்கொண்டார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

சாயங்காலம் தூதரகத்தின் முகநூல் பக்கத்தில் படம் வந்துவிட்டது. அதே வெள்ளைச் சுவர். நடுவில் கடிகாரம். அதன் கண்ணாடியில் பெரிய சிவப்பு எழுத்தில், 'அன்பளிப்பு: முனியாண்டி குடும்பத்தார், குருபோங்'. கீழே, முனியாண்டி குடும்பத்துக்கு அந்த நாட்டின் மனமார்ந்த நன்றி.

முனியாண்டி, குருபோங்கில் இருக்கும் என் சித்தப்பா.

இப்போதுதான் படத்தைப் பார்த்துவிட்டு எனக்குப் போன் பண்ணினார். "ஏம்மா, நான் காலையிலேர்ந்து குருபோங்லதானே இருக்கேன். எப்ப அங்க போனேன்?"

அம்மாவைத் தேடினேன். சாமி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டுவிட்டார்.

இரண்டு நாடுகளுக்கு நடுவே பேசத்தான் தூதரகம் இருக்கிறதே. அம்மாவுக்கும் சித்தப்பாவுக்கும் நடுவே பேச யாராவது வருகிறீர்களா? ஸ்டோரில் இன்னும் நாலு கடிகாரம் இருக்கிறது, ஒன்று தருகிறேன்.