இருநூற்று முப்பத்தொரு கைகுலுக்கல்கள்

ரூல்ஃபீன் பாலம் திறக்கும் பெண்மணி. வின்ஸ்கோத்தன் ஊர்ப் பக்கத்துக் கால்வாயில் படகு வந்தால் மணியடித்து, சாலைத் தடுப்பை இறக்கி, பாலத்தைத் தூக்குவார். படகு போனதும் இறக்குவார். இருபத்தாறு வருடமாக இதே வேலை. அதற்கு முன்பு ஒரு துணிக்கடையில் பதினோரு நாள் இருந்தார். "இந்த மஞ்சள் எனக்கு எடுப்பா இருக்கா?" என்று கேட்ட பெண்ணிடம், "காமாலை வந்த மாதிரி இருக்கு" என்றார். கேட்டதால்தான் சொன்னார். பாலத்தில் யாரும் அப்படிக் கேட்பதில்லை.

அவருடைய அம்மா ஆல்ட்யாவின் வீட்டில் செவ்வாயும் வெள்ளியும் கூட்டித் துடைப்பவள் நான். தரை துடைக்கிறவள் இருக்கிறாள் என்று யாரும் பேச்சை நிறுத்துவதில்லை. அதனால் இதெல்லாம் எனக்குத் தெரியும்.

ரூல்ஃபீனுக்கு ஆட்டிசம் என்று ஐம்பத்தோராவது வயதில்தான் மருத்துவர் எழுதிக் கொடுத்தார். அந்தக் காகிதத்தை அம்மாவிடம் காட்டினார்.

"எப்போ சரியாகும்?" என்றார் ஆல்ட்யா.

"சரியாகாது. இது நோய் இல்லம்மா."

"நோய் இல்லைன்னா டாக்டர்கிட்ட எதுக்குப் போன?"

ரூல்ஃபீன் யோசித்தார். அது நல்ல கேள்விதான் என்றார்.

முதலில் போன ஆலோசகர் அவருக்குக் கண்ணைப் பார்த்துப் பேசக் கற்றுக்கொடுத்தார். மூன்று நொடி பார்க்க வேண்டும், ஒரு நொடி விலக வேண்டும். ரூல்ஃபீன் இறைச்சிக் கடைக்காரரிடம் நான்கு வாரம் பழகிப் பார்த்தார். ஐந்தாவது வாரத்திலிருந்து கடைக்காரரின் மனைவி கல்லாவுக்கு வந்து நின்றுகொண்டார். ரூல்ஃபீன் அந்த ஆலோசகரிடம் போவதை நிறுத்திவிட்டார். அதற்குப் பிறகு கிடைத்தவர்தான் ஹில்யா. ஹில்யாவின் அறையில் நாற்காலிகள் எதிரெதிரே இருக்காது. இரண்டும் ஜன்னலைப் பார்த்து இருக்கும். எப்படி மற்றவர்களைப் போல ஆவது என்று ஹில்யா சொல்லித் தரவில்லை. எது உங்களைக் களைப்பாக்குகிறது என்று மட்டும் கேட்டார். ரூல்ஃபீன் மூன்று வருடமாக அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அந்தப் பதிலில் முதலில் வந்தது பிறந்தநாள்.

இந்த ஊரில் பிறந்தநாள் என்றால் நாற்காலிகளை வட்டமாகப் போடுவார்கள். வருகிறவர் ஒவ்வொருவரும் வட்டத்தைச் சுற்றி வந்து எல்லோருக்கும் கைகொடுத்து, கன்னத்தில் மூன்று முத்தமிட்டு வாழ்த்துவார். பிறந்தநாள்காரருக்கு மட்டுமல்ல, அவருடைய தங்கைக்கும், மருமகனுக்கும், பக்கத்து வீட்டுக்காரருக்கும். பிறகு உட்கார்ந்து ஒரு துண்டு கேக்கும் இரண்டு காபியும். அம்மாவின் எழுபத்தைந்தாவது பிறந்தநாள் வட்டத்தில் ரூல்ஃபீன் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு ஒன்பது நாள் அவரால் பேச முடியவில்லை. வேலைக்குப் போகவும் முடியவில்லை.

இப்போது எண்பது வந்தது. வருவேன், வட்டத்தில் உட்கார மாட்டேன் என்றார் ரூல்ஃபீன். வட்டத்துக்கு வராவிட்டால் வீட்டுக்கே வர வேண்டாம் என்றார் ஆல்ட்யா. இரண்டு மாதம் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. கடைசியில் ஹில்யாதான் எல்லோரையும் கூப்பிட்டார். ஆல்ட்யாவுக்கு நடக்கக் கை பிடிக்க வேண்டும் என்பதால் நானும் போனேன். ரூல்ஃபீனின் அண்ணன் பேரென்ட்டும் வந்தார். அவர் வாய்க்கால்களில் பாசி எடுத்தாயிற்றா என்று பார்த்து, எடுக்காதவர்களுக்குக் கடிதம் எழுதும் அதிகாரி.

"இவளுக்கு ரெண்டு மணி நேரம் நாற்காலியில உக்காரக் கத்துக்குடுங்க. அது போதும்" என்றார் ஆல்ட்யா.

"உக்காரத் தெரியுமே. பாலத்துல எட்டு மணி நேரம் உக்கார்றாங்க" என்றார் ஹில்யா. பிறகு, "வட்டத்துல உங்களுக்கு என்ன ஆகுது, அம்மாகிட்டயே சொல்றீங்களா?" என்று ரூல்ஃபீனைக் கேட்டார்.

ரூல்ஃபீன் ஜன்னலைப் பார்த்துச் சொன்னார். "இருபத்திரண்டு பேர். ஒருத்தருக்கொருத்தர்னா இருநூத்தி முப்பத்தோரு கைகுலுக்கல். மூணு மூணு முத்தம்னா அறுநூத்தித் தொண்ணூத்தி மூணு. அப்புறம் நாலு பேச்சு ஒரே நேரத்துல. எனக்கு நாலும் கேக்கும். எதையும் விட முடியாது."

"உக்காந்து எண்ணிட்டிருந்தியா?" என்றார் பேரென்ட்.

"எண்ண வேண்டாம். பெருக்கினாப் போதும்."

ஹில்யா ஆல்ட்யாவிடம் திரும்பினார். "உங்களுக்கு அந்த வட்டத்துல என்ன பிடிக்கும்?"

இதை அவரிடம் யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது. கைப்பையை மூடித் திறந்தார்.

"வாசல்ல வர்ற ஒவ்வொருத்தரும் என்கிட்ட வந்து என் பேரைச் சொல்வாங்க" என்றார். "மத்த நாள்ல என் பேரை யாரு சொல்றா."

பேரென்ட் தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு ஆசையுமே தப்பில்லை, எதையும் திருத்த வேண்டியதும் இல்லை என்றார் ஹில்யா. பேசிப் பேசி ஒரு முடிவு வந்தது. ரூல்ஃபீன் பின்கதவு வழியாகச் சமையலறைக்கு வருவார். சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் தட்டு கொடுத்து வாங்கும் ஜன்னல் உண்டு. அங்கே நின்று கேக் கொடுப்பார். நான்கு மணிக்குப் போவார்.

"மகள் அடுப்படியில நின்னா ஊர் என்ன சொல்லும்?" என்றார் ஆல்ட்யா.

"கேக் நல்லாருக்குன்னு சொல்லும்" என்றார் ரூல்ஃபீன்.

"பாக்கலாம்" என்றார் ஆல்ட்யா. எங்கள் ஊரில் அது சம்மதமும் இல்லை, மறுப்பும் இல்லை.

கெடுத்தது பேரென்ட். கெட்ட எண்ணத்தில் அல்ல. ஹில்யாவின் அறையில் கேட்டதெல்லாம் அவர் மனதில் தைத்துவிட்டது. வீட்டுக்குப் போய் விருந்தினர் பத்தொன்பது பேருக்கும் கடிதம் எழுதினார். கைகுலுக்க வேண்டாம். முத்தம் வேண்டாம். வாசனைத் திரவியம் வேண்டாம். உரக்கச் சிரிக்க வேண்டாம். இருவருக்கு மேல் ஒரே நேரத்தில் பேச வேண்டாம். ரூல்ஃபீனை நேராகப் பார்க்க வேண்டாம். அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. மகளுக்காக ஊரே மாறியிருப்பதைப் பார்த்து அம்மா சந்தோஷப்படுவார் என்று நினைத்தாராம்.

எங்கள் ஊர்க்காரர்கள் எழுத்தில் வந்ததை மீற மாட்டார்கள். இரண்டு மணிக்கு ஒவ்வொருவராக வந்தார்கள். ஆல்ட்யா நீலச் சட்டையில் நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினார். அந்தக் கையை யாரும் பிடிக்கவில்லை. தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தார்கள். அவருடைய தங்கை ட்ரைன் பூந்தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்தோரு பேர் வட்டமாக உட்கார்ந்து காபி குடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

ஆல்ட்யா என்னைக் கூப்பிட்டு மெல்லக் கேட்டார். "யாராவது செத்துட்டாங்களா?"

"தெரியலையே" என்றேன்.

"என்கிட்ட மறைக்கிறாங்க. பேரென்ட் முகத்தைப் பாரு."

இரண்டேகாலுக்கு ரூல்ஃபீன் பின்கதவு வழியாக வந்தார். பாலத்தில் போட்டுக்கொள்ளும் சத்தம் தடுக்கும் காதுமூடி கழுத்தில் தொங்கியது. ஜன்னலைத் திறந்து கூடத்தைப் பார்த்தார்.

"ஏன் யாரும் பேசல?"

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். ட்ரைன் கைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டே ஜன்னல் வழியாக நீட்டினார். ரூல்ஃபீன் அதை முதல் வரியிலிருந்து கடைசி வரை படித்தார். நேரமானது.

"இதுல என் பேர் ஒன்பது தடவை வருது" என்றார். "என்னை ஒரு தடவைகூடக் கேக்கல."

"உனக்காகத்தான் செஞ்சேன்" என்றார் பேரென்ட்.

"தெரியும். நான் அவங்களை மாத்தச் சொல்லல, பேரென்ட். என்னை மாத்த வேண்டாம்னு சொன்னேன். அது வேற." அம்மாவைப் பார்த்தார். ஆல்ட்யாவின் கை இன்னும் மடியில் பாதி நீட்டியபடியே இருந்தது. "எந்திரிங்க எல்லாரும். அம்மாவுக்கு இது பிடிக்கும். முதல்ல இருந்து பண்ணுங்க. பேரைச் சொல்லி வாழ்த்துங்க."

பிறகு காதுமூடியைப் போட்டுக்கொண்டு ஜன்னலைப் பாதி மூடினார்.

ட்ரைன்தான் முதலில் எழுந்தார். "ஆல்ட்யா, வாழ்த்துக்கள்" என்றார். அப்புறம் எல்லோரும் எழுந்தார்கள். கழற்றி வைத்த கோட்டை மறுபடி மாட்டிக்கொண்டு வாசலிலிருந்து வந்தவர்களும் உண்டு. கைகள் குறுக்கும் நெடுக்குமாகப் போயின. பத்து நிமிடத்தில் இடுப்பு அறுவை சிகிச்சை பற்றி ஐந்து பேர் ஒன்றாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். உள்ளே ரூல்ஃபீன் கேக்கைச் சம அளவில் வெட்டிக்கொண்டிருந்தார். கத்தியை ஒவ்வொரு முறையும் துடைத்தார்.

மூன்றே முக்காலுக்கு ஆல்ட்யா கழிப்பறைக்கு என்று சொல்லி எழுந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு நேராகச் சமையலறைக்கு வந்து முக்காலியில் உட்கார்ந்தார். பிறந்தநாள்காரர் வட்டத்தை விட்டு எழுவதை நான் அதுவரை பார்த்ததில்லை. ரூல்ஃபீன் ஒரு காதை மட்டும் திறந்தார்.

"எத்தனை மணிக்குப் போற?"

"நாலு."

"இன்னும் பதினஞ்சு நிமிஷம் இருக்கு."

"பதினாலு."

ஆல்ட்யா உட்கார்ந்தே இருந்தார். இருவரும் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் காபியை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனேன். ஆல்ட்யா எங்கே என்று ட்ரைன் கேட்டார். கழிப்பறையில் என்றேன். "இவ்வளவு நேரமா?" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். அவர் அடுத்தவரிடம் சொன்னார். சாயங்காலத்துக்குள் ஆல்ட்யாவின் வயிறு சரியில்லை என்று தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது.

நான்கு மணிக்கு ரூல்ஃபீன் கத்தியைக் கழுவி வைத்தார்.

"வாழ்த்துக்கள், அம்மா" என்றார்.

"பேரைச் சொல்லு."

"ஆல்ட்யா."

மறுநாள் காலை ஏழு மணிக்கு ரூல்ஃபீன் வேலைக்குப் போனார். ஏழு பத்துக்கு மணல் ஏற்றிய படகு ஒன்று வந்தது. பாலம் திறந்தது.