நெக்ரா சரிவின் இருநூற்றுப் பன்னிரண்டு மரங்கள்

இடலீனா வீடு கூட்டுகிற விதத்தைச் சொன்னாலே போதும், அவள் எப்படிப்பட்டவள் என்று தெரிந்துபோகும். என் மாடி அறையில் ஆறு வருஷமாகக் குடியிருக்கிறாள். நான் தினமும் வாசலிலிருந்து கொல்லை வரைக்கும் கூட்டுகிறவள். அவள் கதவைத் திறந்து நின்று தரையைப் பார்ப்பாள். நேற்று இருந்த மாதிரியே இருக்கிறதா, விட்டுவிடுவாள். அடுப்படியில் ரொட்டித்தூள் சிந்தியிருந்தால் அந்த இடத்தை மட்டும் கூட்டுவாள். மாறாத இடத்தில் துடைப்பத்துக்கு என்ன வேலை என்று கேட்பாள். அது சோம்பேறித்தனம் என்று அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் சொல்கிறேன்.

மற்றபடி அவள் சோம்பேறி இல்லை. அவள் அப்பா தக்கைப் பட்டை ஏற்றுகிற லாரி ஓட்டினார். பத்து வயதில் அந்த லாரி ரேடியோவைப் பிரித்துப் போட்டு, உள்ளே பேசுகிறவன் எங்கே என்று தேடினாள். எவோராவில் படித்தாள். லிஸ்பனில் ஒரு வங்கியில் கம்ப்யூட்டருக்கு வேலை சொல்லிக்கொடுத்துப் பன்னிரண்டு வருஷம் இருந்தாள். அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனபோது ஊருக்கு வந்தவள், அம்மா போன பிறகும் திரும்பிப் போகவில்லை. எங்கள் கூட்டுறவுச் சங்கம் மரக் கணக்கை அவளிடம் கொடுத்தது.

சங்கத்துக்குப் பத்தொன்பதாயிரம் தக்கை மரங்கள், பாட்டில் அடைக்கிற தக்கை இவற்றின் பட்டைதான். ஒரு மரத்தை உரித்தால் ஒன்பது வருஷம் அதைத் தொடக்கூடாது. உரித்த அன்றைக்கே, சிவந்து நிற்கிற அடிமரத்தில் அந்த வருஷத்தின் கடைசி எண்ணை வெள்ளைப் பெயின்டால் போட வேண்டும். இரண்டாயிரத்துப் பதினைந்தில் உரித்தால் ஐந்து. கோடரிக்காரர்களுக்குப் பின்னால் பெயின்ட் டப்பாவோடு இருபது வருஷம் நடந்தவள் நான். எழுத்து எனக்கு வராது. எண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு போடுவேன்.

இடலீனா ஒவ்வொரு மரத்துக்கும் கம்ப்யூட்டருக்குள் ஒரு மரம் செய்து வைத்தாள். சுற்றளவு என்ன, எவ்வளவு உயரத்துக்கு உரித்தார்கள், பூச்சி விழுந்ததா, எந்தக் கிளை முறிந்தது, என்ன எண் போட்டார்கள், எல்லாம் அதில் இருக்கும். காட்டில் ஒரு மரத்தை முடித்ததும் ஆட்கள் அதில் அடித்திருக்கிற தகட்டின் எண்ணைப் போனில் தட்டி, புது வருஷ எண்ணைப் போட்டு அமுக்குவார்கள். சாயங்காலம் எல்லாமே சங்கத்து அறையில் இருக்கிற பெட்டிக்குள் போய்ச் சேரும். அந்தக் கிடங்குக்கு டேட்டாபேஸ் என்று பேர் சொன்னாள்.

முதலில் அந்தப் பெட்டிக்கு மூச்சு வாங்கியது. நாற்பது மரத்தில் ஒரு எண் மாறினால்கூடப் பத்தொன்பதாயிரம் மரத்தையும் வேரிலிருந்து நுனிவரை திரும்ப எழுதும். காலையில் கோடரியோடு வந்து நிற்கிறவர்களுக்குப் பட்டியல் தயாராக இருக்காது. அந்தக் குளிர்காலத்தில் இடலீனா தன் துடைப்பப் புத்தியை அதற்குச் சொல்லிக்கொடுத்தாள். ஒரு மரத்தின் கணக்கை வெளியே எடுக்கும்போது அது எப்படி இருந்தது என்று ஒரு நகல் வைத்துக்கொள். சாயங்காலம் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார். ஒரே மாதிரி இருந்தால் விட்டுவிடு. மாறியிருந்தால் மாறிய இடத்தை மட்டும் எழுதி, தேதி போடு. அதற்குப் பிறகு காப்பி ஆறுவதற்குள் பெட்டி வேலையை முடித்தது. சங்கத்தில் எல்லோரும் மெச்சினார்கள், மேஸ்திரி அமதேவைத் தவிர. அவன் நோட்டுப் புத்தகத்து ஆள்.

இந்த ஜூன் மாதம் அவனுக்கு நாள் வந்தது. பட்டியலின் தலையில் நெக்ரா சரிவு மரங்கள் இருநூற்றுப் பன்னிரண்டு, பதினோரு வருஷமாக உரிக்காதவை என்று இருந்தது. அமதேவ் பதினாலு ஆளையும் டிராக்டரையும் கூட்டிக்கொண்டு விடிவதற்கு முன்பே மலை ஏறினான். வெளிச்சம் வந்ததும் பார்த்தால் எல்லா மரமும் செவசெவ என்று நிற்கிறது. போன வருஷம் அவன் கோடரியே உரித்த மரங்கள். தெரிந்தேதான் போனான், எல்லோரும் பார்க்கட்டும் என்று. ஆட்கள் சிரித்தே மாய்ந்தார்களாம்.

நேராகச் சங்கத்துக்கு வந்து தொப்பியை மேசையில் வைத்தான். "இன்ஜினியரம்மா, நேத்துப் பொறந்த பிள்ளைக்குப் பொண்ணு பார்க்கச் சொல்லுது உங்க பெட்டி" என்றான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சங்கக் கூட்டம், பழையபடி நோட்டுப் புத்தகத்துக்கே போகலாம் என்று அங்கே கை தூக்கச் சொல்வேன் என்றான். பெட்டி போனால் அவளும் போக வேண்டியதுதான். இது நடந்தது திங்கட்கிழமை.

இருநூத்திச் சொச்சம் மரத்தைத் திருத்த ஒரு மணி நேரம் போதுமே, திருத்திவிட்டு வாயை மூடிக்கொள் என்று நான் புத்தி சொன்னேன். அவள் கேட்கவில்லை. ஏன் என்று தெரியாமல் திருத்தினால் அடுத்த வருஷம் வேறு மரம் பொய் சொல்லும் என்றாள். அவளைக் குடைந்தது ஒரே கேள்வி. ஏன் இந்த மரங்கள் மட்டும்? அதே நாள், அதே ஆட்கள், அதே போன், சரிவுக்குக் கீழே ஓடையோரத்து மரங்கள் ஒழுங்காகப் பதிவாகியிருக்கின்றன. ஒவ்வொரு ஆளையும் தனித்தனியாகப் பிடித்துக் கேட்டாள். அமுக்கினேன் என்று எல்லோரும் சொன்னார்கள். இரண்டு நாள் சரிவில் மரம் மரமாக நடந்தாள். எல்லா மரத்திலும் நாலுதான் இருந்தது, ஓடையோரத்திலும் நாலுதான். இருபத்துநாலில் உரித்த மரத்தில் வேறென்ன இருக்கும்?

வியாழக்கிழமை சாயங்காலம் முகம் வாடி வந்தாள். கொத்தமல்லியும் பூண்டும் இடித்துப்போட்டு, பழைய ரொட்டியில் வெந்நீர் ஊற்றி, முட்டை வைத்துக் கொடுத்தேன். கிண்ணத்தோடு கொல்லையில் உட்கார்ந்தாள். அங்கே என் சுண்ணாம்புத் தொட்டியை ஒரு தக்கைப் பட்டையால் மூடி வைத்திருக்கிறேன். கரண்டி பாதி வழியில் நின்றுவிட்டது.

"அத்தை, இந்தப் பட்டை எப்ப வந்துச்சு?"

"போன வருஷம். நெக்ரா சரிவுல உரிச்சப்ப அமதேவ் குடுத்தான்."

"இதுல நாலு போட்டிருக்கு."

"போன வருஷம் இருபத்துநாலு. நாலு போடாம பூவா போடுவாங்க?"

அவள் மெதுவாகத் தலையை ஆட்டினாள். உரித்த பிறகுதானே எண் போடுகிறார்கள், போன வருஷத்து நாலு இப்போது மரத்தில் அல்லவா நிற்கும் என்றாள். பட்டையோடு வந்தது அதற்கு முந்தின எண். நான் ஒத்துக்கொள்ளவில்லை. இருபது வருஷம் பெயின்ட் டப்பா தூக்கியவளுக்கு நீ சொல்கிறாயா என்று சண்டை பிடித்தேன். சூப்பு ஆறிப்போனது. அவள் பட்டையைத் தூக்கி என் முன்னால் வைத்தாள். அந்த நாலு அகலமாக இழுபட்டு வெடித்திருந்தது. மரம் பெருக்கப் பெருக்கப் பெயின்ட் அப்படித்தான் ஆகும், வருஷக்கணக்கில். போன வருஷத்துப் பெயின்ட் இல்லை அது.

அப்படியானால் அதில் ஐந்து அல்லவா இருக்க வேண்டும், ஒன்பது வருஷக் கணக்குக்கு? அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. நெக்ரா சரிவுக்கு முறை இருபத்துமூன்றில். அந்த வருஷம் மழை பொய்த்துப் பட்டை மரத்தோடு ஒட்டிக்கொண்டது. அமதேவ் இரண்டு மரத்தில் கோடரி வைத்துப் பார்த்துவிட்டு, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று இறங்கி வந்தான். அதனால் அந்தச் சரிவுக்கு மட்டும் பத்து வருஷம் ஆனது. பதினாலில் போட்ட நாலு, இருபத்துநாலில் திரும்பவும் நாலு.

இடலீனா வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தாள். பெட்டி சாயங்காலம் பழைய மரத்தையும் புது மரத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறது. ஓடையோரத்தில் ஐந்து நாலாக மாறியிருந்தது; இந்தச் சரிவில் பழையதிலும் நாலு, புதியதிலும் நாலு. ஒன்றும் மாறவில்லை என்று தேதிகூடப் போடாமல் விட்டுவிட்டது. மரத்தில் இருக்கிற மாதிரியே பெட்டியிலும் ஒற்றை எண் போதும் என்று வைத்தவள் அவள்தான்.

"தரை நேத்து மாதிரியே இருந்துச்சு அத்தை. அதனால யாரும் நடக்கலன்னு நினைச்சுட்டேன்" என்றாள். சொல்லும்போது அவள் முகத்தில் வருத்தமே இல்லை. பத்து வயதில் ரேடியோவைப் பிரித்த முகம்.

வெள்ளிக்கிழமை முழுக்க மாடியை விட்டு இறங்கவில்லை. எண்ணை நாலு இலக்கத்தில் முழு வருஷமாக மாற்றினாள். அது சின்ன வேலை. பெரிய வேலை வேறு. இனி பெட்டி சாயங்காலம் பார்த்து ஒப்பிடாது. யாராவது ஒரு மரத்தைத் திறந்து முடித்தேன் என்று அமுக்கினால், அந்த நிமிஷமே அந்த மரம் தன்மேல் ஒரு அடையாளம் போட்டுக்கொள்ளும், என்னைத் தொட்டார்கள் என்று. சாயங்காலம் பெட்டி அடையாளம் உள்ள மரங்களை மட்டும் எடுத்து எழுதிவிட்டு, அடையாளத்தைத் துடைத்துவிடும். மற்ற மரங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காது. நான் கேட்டேன், சும்மா தொட்டுவிட்டுப் போனால்? சும்மா ஒரு தடவை எழுதும், என்ன குறைந்துபோகும் என்றாள். தொட்டதை எழுதாமல் விடுவதுதான் குற்றம் என்றாள். சனிக்கிழமை காலையில், இனி தொட்டாலே எழுதும் என்று சொல்லி, ஆட்களின் போன்களில் எல்லாம் அதை ஏற்றிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு என் பட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனாள். தப்பு என்னுடையது என்று முதலிலேயே சொல்லி, பட்டையைக் காட்டி நடந்ததைச் சொன்னாள். பின்வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். அமதேவ் எழுந்தான். கதை நன்றாக இருக்கிறது, நேற்று உங்கள் பெட்டி என்ன எழுதியது என்று வாசியுங்கள் என்றான்.

இடலீனா போனை எடுத்து வாசித்தாள். ஓடைக்கு அக்கரையில், இந்த வருஷம் முறை வந்த முப்பத்தெட்டு மரம் உரித்தாயிற்று. பிறகு திரையை இன்னும் கொஞ்சம் தள்ளினாள்.

"இன்னும் ஆறு மரம் இருக்கு. மாதா கோயில் பக்கம், நாலு மணிக்கு மேல. உரிக்கல, அளக்கல, எண்ணும் மாறல. சும்மா திறந்து மூடியிருக்கு." போனிலிருந்து தலையை நிமிர்த்தினாள். "உங்க போன்தான் மேஸ்திரி."

எல்லோரும் அவன் பக்கம் திரும்பினார்கள். அமதேவ் தொப்பியைத் தலையில் வைத்தான், எடுத்தான், மறுபடியும் வைத்தான்.

"சோதிச்சுப் பார்க்கத்தான் தொட்டேன். அஞ்சுன்னு சொல்லுவீங்க, பிடிச்சுக்கலாம்னு இருந்தேன்" என்றான். "ஆறாவது மரம் ரெண்டு பாறைக்கு நடுவுல நிக்குது. அங்க போன்ல சிக்னல்கூடக் கிடைக்காது."

"நீங்க சிக்னலுக்குத் திரும்பி வந்ததும் போன் சொல்லிடுச்சு" என்றாள் இடலீனா.

நோட்டுப் புத்தகத்துக்கு யார் கை தூக்குகிறீர்கள் என்று தலைவர் கேட்டார். அமதேவ் உட்கார்ந்துவிட்டான், கை மடியிலேயே கிடந்தது. அதைப் பார்த்துவிட்டு மற்ற யாரும் தூக்கவில்லை.

பட்டை இன்னும் சங்கத்துச் சுவரில் தொங்குகிறது. என் சுண்ணாம்புத் தொட்டிக்கு மூடி இல்லை. மூன்று தடவை கேட்டுவிட்டேன், நாலாவது தடவையும் கேட்பேன். இப்போது யாராவது மாடிப்படி ஏறுகிற சத்தம் கேட்டால், தரை எப்படி இருந்தாலும் அவர்கள் போன பிறகு அவள் கூட்டுகிறாள். யாரும் வராத நாளில் துடைப்பத்தைத் தொடுவதில்லை. அதை நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.