கை தானாகப் போகிறது

டெக்சாஸில் நாங்கள் இருக்கும் ஊரில் மீன் தூண்டில், கூடாரம், கம்பளிக் காலுறை எல்லாம் விற்கிற கடையிலேயே ரிவால்வரும் விற்கிறார்கள். பண்ருட்டி ஜவுளிக்கடையில் புடவை எடுத்துப் போடுவதுபோல ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் வைத்தார் விற்பனைப் பெண்மணி. அடக்கமாக, சின்னதாக வேண்டும் என்றேன். மனைவிக்கா என்று கேட்டார். என் எட்டு வயது மகளுக்காக என்றேன். "எட்டு வயதா? குழந்தைகளுக்கென்றே துப்பாக்கி இருக்கிறது, இளஞ்சிவப்பில்கூட வரும்" என்றார் சிரித்த முகமாக. அட கடவுளே, இதென்ன ஊர் என்று நினைத்துக்கொண்டேன். ஆனாலும் ஐந்து குண்டு போடும் சின்ன ரிவால்வர் ஒன்றை வாங்கிக்கொண்டுதான் வெளியே வந்தேன்.

அதற்கு முந்தின மாதம் நாங்கள் கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் யாரோ பின்கதவை உடைத்து வீட்டுக்குள் புகுந்துவிட்டார்கள். நகை போனது, தொலையட்டும். என் மகள் யாழினியின் தூக்கமும் அன்றோடு போய்விட்டது. இலை அசைந்தாலும் எழுந்து உட்கார்ந்துவிடுவாள். அப்பா கையில் ஒன்று இருந்தால் பிள்ளை தூங்குவாள் என்று நம்பினேன்.

ஆயுதபூஜையன்று காருக்கும் லேப்டாப்புக்கும் பொட்டு வைத்த கையோடு அதற்கும் சந்தனம், குங்குமம் வைத்தேன். நெய்வேலியில் வளர்ந்தவனுக்கு வேறென்ன தோன்றும்? என் அப்பா நிலக்கரி மைன்ஸில் பெர்மனன்ட் தொழிலாளி. ஆயுதபூஜைக்குக் குடும்பத்தோடு சுரங்கத்துக்குள் விடுவார்கள். மலை மாதிரி நிற்கும் மண்வெட்டும் இயந்திரத்துக்கும் மாலை, பொட்டு, பொரி எல்லாம் உண்டு. மறுவாரம் சுடுதளத்தில் பயிற்சியாளர் ரிவால்வரின் பிடியிலிருந்த சிவப்பைப் பார்த்துவிட்டு, "ரத்தமா?" என்றார். சாமி பொட்டு என்றேன். அவருக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. தன் துணியால் துடைத்துக் கொடுத்துவிட்டு, "யோசிக்காதே, கை தானாகப் போகவேண்டும்" என்றார்.

தினமும் சாயங்காலம் குண்டில்லாத ரிவால்வரோடு ஹாலில் நின்று பழகினேன். நான் இரண்டு கையையும் நீட்டினால் யாழினி கட்டிலுக்கு அடியில் போய்ச் சத்தமில்லாமல் படுத்துக்கொள்ள வேண்டும். அவளும் நன்றாகப் பழகிவிட்டாள். தூக்கம் மட்டும் திரும்பவே இல்லை.

இந்த விடுமுறைக்கு ரிவால்வரைப் பெட்டகத்தில் பூட்டிவிட்டு நெய்வேலிக்கு வந்தோம். இங்கே பிள்ளை தூங்கினால் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்துவிடுவது என்று நானும் மனைவியும் முடிவெடுத்திருந்தோம். என் அக்காவின் குவார்ட்டர்ஸில் முதல் வாரமே அடித்துப்போட்டதுபோலத் தூங்கினாள் யாழினி. என் மனைவி ஒரு மூலையில் உட்கார்ந்து சந்தோஷத்தில் அழுதாள். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைக்குமா என்றுகூட விசாரித்துவிட்டேன்.

எங்கள் பிளாக்கில் வேண்டியவர்கள் யாரும் முன்வாசல் வழியாக வரமாட்டார்கள். தோட்டத்துப் பக்கமாக வந்து, பின்கதவைத் தள்ளிக்கொண்டு நேரே சமையலறையில் நிற்பார்கள். அதுதான் இங்கே உரிமை. பக்கத்து வீட்டு செல்வி அக்காவுக்குச் சொந்த ஊர் கம்மாபுரம் பக்கம். என்னைச் சின்ன வயதிலிருந்தே தெரியும். ஒரு காலையில் அவர் மீன்குழம்புக் கிண்ணத்தோடு அப்படித்தான் வந்தார். கதவு கிறீச்சிட்டதுதான் தெரியும். காலை அகட்டி, வெறும் கைகள் இரண்டையும் கோத்து அவர் நெஞ்சுக்கு நேராக நீட்டிக்கொண்டு நின்றேன்.

"இன்னா தம்பி, பொண்ணோட வெளையாடிகினு கீறியா?" என்று சிரித்தார் செல்வி அக்கா. "பாப்பா எங்க, ஒளிஞ்சிகினு இருக்குதா?" அறைக்குள் வந்து குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தார். யாழினி தன் வாயைத் தானே பொத்திக்கொண்டு கண்ணை இறுக மூடிப் படுத்திருந்தாள். "அய்யய்யோ, புள்ள நடுங்குதே!" அக்காவின் சிரிப்பு நின்றுபோனது. நான்தான் கண்ணு, மீன் கொழம்பு எடுத்தாந்தேன் என்று எவ்வளவு கெஞ்சியும் அவள் வெளியே வரவில்லை. அன்றிரவு தூங்கவும் இல்லை. ஒளிந்துகொள்ளும்படி அவளைப் பழக்கிய பாவி நான், இந்த வீட்டுக்கும் அதைக் கொண்டுவந்துவிட்டேன்.

மறுநாள் வாசலில் மணி அடித்தது. "நான்தாங்க, செல்வி. உள்ள வரலாமாங்க? பாப்பா பயப்படுமேன்னு முன்னால வந்தேன்." என்னை வாடா போடா என்று கூப்பிட்டவர், முதல்முறையாக ‘ங்க’ போட்டுப் பேசினார். யாழினி கதவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.