அழகையா குத்தத்த ஒத்துக்கிட்ட கதை

மாத்தளைப் பக்கம், உக்குவளைக்கு மேல ஒரு மிளகுத் தோட்டம். அங்க ஸ்டோர்ல வேலை பார்க்குற அழகையாவுக்கு வயசு அம்பத்தி மூணு. தொழிலு மிளகு காயப்போடுறது. திறமை வேற ஒண்ணு: செய்யாத குத்தத்த ஒத்துக்கிறது.

தோட்டத்த நடத்துற தொரையோட பூப்பாத்தியில ஆடு மேஞ்சிருக்கும். இல்லாட்டி மிளகு பறிக்கிற ஏணி ஒடஞ்சிருக்கும். விசாரணைன்னு ஆபீஸ் வாசல்ல நிறுத்துனா எல்லாருக்கும் அரைநாள் கூலி போகும். அதனால எல்லாரும் அழகையாவப் பார்ப்பாங்க. அவரு தொப்பியக் கழட்டிக்கிட்டு உள்ள போவாரு.

"தப்பு நடந்து போச்சுங்க தொரை."

தொரை ஒரு வார்னிங் லெட்டர் குடுப்பாரு. அஞ்சு நிமிஷத்துல எல்லாரும் வேலைக்குத் திரும்பிருவாங்க.

இப்படிப் பதினோரு லெட்டர். சாமி படத்துக்குப் பின்னால அடுக்கி வச்சிருக்காரு. தோட்டத்து ஆளுங்க குடியிருக்குற லயத்துல இதத் தியாகம்னு பேசிக்கிறாங்க. தியாகமும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. பதினோரு தடவ ஒருத்தரு தலையக் குனிஞ்சதுல யாருக்கும் ஒரு சதம் கூலி ஏறல.

அப்புறம் ஒருநாள் ஸ்டோர்ல ரெண்டு சாக்கு மிளகக் காணோம். மிளகு விக்கிற வெலையில தொரைக்கு லெட்டர் போதல. போலீஸ்ல முறைப்பாடு குடுத்துட்டாரு. ஜீப்பு வந்துச்சு. ஸ்டோர் ஆளுங்க ஆறு பேரையும் வரிசையா நிப்பாட்டி, "யாரு எடுத்தது?"ன்னாரு சார்ஜன்.

அஞ்சு பேரு அழகையாவப் பார்த்தாங்க.

"தப்பு நடந்து போச்சுங்க மாத்தயா."

சார்ஜனே அசந்துட்டாரு. "சாக்கு எங்க?"

"எந்த சாக்குங்க?"

"நீ எடுத்த சாக்கு!"

அழகையாவுக்கு வேர்த்துருச்சு. தொரை ஒருநாளும் இப்படிக் குறுக்குக் கேள்வி கேட்டதில்ல. "அது தெரியாதுங்க. எடுத்தது மட்டுந்தான் நான்."

வாக்குமூலம் எழுதுனாங்க. ஸ்டோர் சாவி இவருகிட்ட இருந்ததையும் சேர்த்து எழுதுனாங்க. இப்ப லெட்டர் வரும்னு கைய நீட்டிக்கிட்டு நின்னாரு. வெலங்கு வந்துச்சு.

மறுநாள் மாத்தளை கோர்ட்டுல கொண்டுபோய் நிறுத்துனாங்க. ஒத்துக்கிற பேச்ச மனப்பாடம் பண்ணிக்கிட்டுத்தான் அழகையா கூண்டுல ஏறுனாரு. போலீஸ் நீதவானுக்கு ஒரு அறிக்கை குடுத்தாங்க. பீ அறிக்கைன்னு பேரு. இன்ன முறைப்பாடு வந்துச்சு, இவரச் சந்தேகத்துல பிடிச்சிருக்கோம், இன்னும் தேடிக்கிட்டிருக்கோம். அவ்வளவுதான். நீ எடுத்தியா இல்லியான்னு ஒரு ஆளுகூடக் கேக்கல! அழகையா வாயத் தொறந்தாரு. கோர்ட் போலீஸ்காரரு மொறைச்சாரு. மூடிக்கிட்டாரு.

பிணைக்கு ரெண்டு பேரு வேணும்னாங்க. ஒண்ணு சம்சாரம் சந்திரகாந்தா. இன்னொண்ணு உக்குவளையில பலசரக்குக்கடை வச்சிருக்குற அன்ஸாப். ரெண்டு பேரும் கிராம சேவகர்கிட்ட வதிவிடச் சான்றிதழ் வாங்கிட்டு ஓடி வந்தாங்க.

"உங்கள நம்பிக் கையெழுத்து வச்சிருக்கேன் அழகையாண்ணே. எங்கயும் ஓடிராதீங்க"ன்னாரு அன்ஸாப்.

"பஸ்ஸுக்கே ஓடமாட்டேன் அன்ஸாப் நானா."

அதுக்கப்புறம் தவணைக்கு மேல தவணை. ஒவ்வொரு தடவையும் போலீஸ் இன்னும் விசாரிக்கிறோம்னாங்க, கோர்ட் வேற தேதி போட்டுச்சு. சாக்கு கிடைக்கல. கடைசியில குற்றப்பத்திரம் போட்டாங்க. அப்பதான் சந்திரகாந்தா புருஷன லோயர் துஷாந்தினிகிட்ட இழுத்துக்கிட்டுப் போனா.

"போலீஸ்ல நீங்க ஒத்துக்கிட்டது கோர்ட்டுல செல்லாது ஐயா"ன்னாங்க லோயர்.

அழகையாவுக்கு ரோஷம் வந்துருச்சு. "செல்லாதா? முப்பது வருஷமா நான் ஒத்துக்கிட்டா செல்லும் மிஸ். தோட்டத்துல கேட்டுப் பாருங்க."

"கோர்ட்டுலயும் ஒத்துக்கத்தான் போறீங்களா? அங்க சொன்னா செல்லும். மறியல்ல, அதான் ஜெயில்ல, போட்டாலும் போடுவாங்க. வேலை போகும். வேலை போனா நீங்க குடியிருக்குற லயக் காம்பராவும் போகும்."

"ஒரு லெட்டரோட விட மாட்டாங்களா மிஸ்?"

சந்திரகாந்தாவுக்குப் பொறுக்கல. "காம்பரா போனா அந்தப் பதினொண்ணையும் ஒட்டிக் கூரை போட்டுக்குவீங்களா? ஆட்டுக்கும் ஏணிக்கும் குனிஞ்சீங்க, சும்மா இருந்தேன். திருட்டுக்குக் குனிஞ்சா நான் எங்க போய் நிக்கிறது?"

அழகையா தலையச் சொறிஞ்சாரு. தன்னோட சேர்ந்து அவளும் நடுத்தெருவுக்கு வருவான்னு அந்த மனுஷன் நெனைச்சே பார்க்கல.

அந்த வாரம் பூரா வீட்டுல ஒத்திகை. "நான் எடுக்கலன்னு சொல்லுங்க."

"நான்..."

"எடுக்கல."

"தப்பு நடந்து..."

"ஐயோ என் தலையெழுத்தே!"

தவணை நாள் வந்துச்சு. குற்றத்த வாசிச்சாங்க. கோர்ட்டுல மொழிபெயர்க்குற முதலியார் அதத் தமிழ்ல சொல்லிட்டுக் கேட்டாரு: "குற்றவாளியா, சுற்றவாளியா?" அதாவது எடுத்தியா, எடுக்கலையா. எத்தனை மாசமா ஒருத்தரும் கேக்காத கேள்வி, கேக்கக்கூடாத நேரத்துல வந்து நின்னுச்சு.

நாக்கு பழைய பக்கம் புரண்டுச்சு. "தப்பு..."ன்னு தொடங்குனாரு. லோயர் கண்ண மூடிக்கிட்டாங்க. பின்னால வாங்குப் பலகையில இருந்த சந்திரகாந்தா முந்தானைய இடுப்புல சொருகிக்கிட்டு எழும்புனா. அழகையா பார்த்துட்டாரு.

"...நான் பண்ணலீங்க! எடுக்கலீங்க!"

"சுற்றவாளி"ன்னு எழுதிக்கிட்டாங்க. வழக்கு விசாரணைக்கு ரெண்டு மாசம் தள்ளித் தேதி குடுத்தாங்க.

வெளிய வந்து, "முடிஞ்சிச்சா மிஸ்?"ன்னாரு.

"இனிமேதான் ஐயா தொடக்கமே. இனி அவங்கதான் சாட்சி கொண்டு வந்து நிரூபிக்கணும்."

"அவங்கதானா?" அழகையாவுக்கு இது புது நியாயமா இருந்துச்சு. கோர்ட் வாசல்ல நின்ன இளநிக்காரன்கிட்ட, "நான் எடுக்கல தம்பி"ன்னாரு. திரீவீல்காரன்கிட்ட, "நான் எடுக்கல." வேற வழக்குக்கு வந்திருந்த ஒரு சிங்கள அம்மாகிட்ட அதையே சிங்களத்துல. அந்தம்மா பயந்து பைய இறுக்கிப் பிடிச்சுக்கிட்டாங்க.

"போதும் வாங்க"ன்னு கையப் பிடிச்சு இழுத்தா சந்திரகாந்தா. "மிச்சத்த ரெண்டு மாசத்துக்குப் பத்திரமா வச்சிருங்க."