லாரி ஆன் தி வே

வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் ரமாபாயைத் தெரியாத ஆள் இருந்தால், அந்த ஆள் தண்ணீரே குடிக்காத ஆளாக இருக்க வேண்டும். நான் அவளுடைய எதிர்வீட்டுக்காரி, பச்சையம்மா. அவளோடு நான் சண்டை போடாத மாதம் கிடையாது. அதனால் அவளைப் பற்றி நான் நல்லதாகச் சொன்னால் தாராளமாக நம்பலாம்.

இரண்டாயிரத்து மூன்றில் மழை எங்களுக்கு அல்வா கொடுத்துவிட்டது. அடிபம்பை அடித்தால் கை வலித்ததே தவிர ஒரு சொட்டு விழவில்லை. எல்லோருமாகச் சேர்ந்து, டோல்கேட் பக்கம் இருந்த ஒரு தனியார் லாரி கம்பெனியில் தண்ணீர் வாங்கினோம். அவர்கள் மிஞ்சூர் கிணறுகளில் ரொப்பிக்கொண்டு வருவார்கள். லாரி எங்கே என்று கேட்கிற வேலை ரமாபாயுடையது. முனைக்கடையில் காசு போடும் போனில் நின்று கேட்பாள். அந்தப் பக்கம் எடுப்பது கிளார்க் ஆன்றோ, நாகர்கோயில்காரர். ஊர்க்கதை, விலைவாசி எல்லாம் அழகாகத் தமிழில்தான் பேசுவார். நேரம் என்று கேட்டால் மட்டும் மனிதர் இங்கிலீஷுக்குத் தாவிவிடுவார். "ஜஸ்ட் நவ் லெஃப்ட்க்கா." "ஆன் தி வே." "வித்தின் ஒன் அவர்."

அதைக் கேட்டதும் நாங்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவோம். ரமாபாய் மட்டும் நிதானமாக நடந்து வருவாள். "ஆன் தி வேன்றான். அப்டினா லாரி கெணத்தாண்டதான் நிக்குது. போய் ஒரு தூக்கம் போட்டுட்டு வாங்கடி," என்பாள். தூங்கி எழுந்து வந்தால் லாரி வரச் சரியாக இருக்கும்.

அவளுக்கு இந்த ஞானம் வந்தது சாத்தாங்காட்டில். அங்கே இரும்பு மார்க்கெட்டில் ஒரு கிடங்கைப் பெருக்குகிற வேலை அவளுக்கு. பக்கத்து மேசையில் லாரி புக்கிங் ஆட்கள் போனில் விடுகிற உடான்ஸை நாள் முழுக்கக் கேட்டவள். ‘ஃபைவ் மினிட்ஸ்’ என்றால் டிரைவர் நாஷ்டா தின்கிறான். ‘ஜஸ்ட் நவ் லெஃப்ட்’ என்றால் டிரைவரையே காணோம். ‘ஷார்ப்பா ஏழு மணிக்கு’ என்று சொல்லிவிட்டால் அன்றைக்குக் குளியலை மறந்துவிட வேண்டியதுதான். "வர்றவன் வரேம்பான். வராதவன்தான் இங்கிலீஷ்ல டைம் சொல்வான்," என்பாள். வீட்டிலும் அதே கணக்குத்தான். புருஷன் கிருஷ்ணப்பன் ‘ஃபைவ் மினிட்ஸ்’ என்று டீக்கடைக்குக் கிளம்பினால், கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு என்னோடு தாயம் ஆட வந்துவிடுவாள். மகள் யசோதரா இதையெல்லாம் தாய்ப்பாலோடு குடித்து வளர்ந்தவள்.

அந்த யசோதராவுக்கு ராயபுரத்திலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை பாஸ்கர், துறைமுகத்தில் வேலை. இரண்டு பேருக்கும் ஒருவரையொருவர் ரொம்பப் பிடித்துவிட்டது. நடுவில் நின்றது மாமியார் கெங்கம்மா. பெண் பார்க்க வந்த அன்றைக்கே எங்கள் காலி டிரம்களை எல்லாம் ஒரு நோட்டம் விட்டாள்.

"இன்னாமே இது, பாலைவனம் மாரி கீது. எங்க ராயபுரத்துல கொயாவ தொறந்தா கொட்டும். தண்ணிக்கு வக்கில்லாத வூட்ல சம்மந்தம் வாணாம்னு எங்க சனம் சொல்லுது."

ரமாபாய்க்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "நிச்சயத்துக்கு வாங்க. பிரியாணி போட்டு, கை கயுவ சொம்பு சொம்பா நானே ஊத்தறேன்."

"பாக்கலாம். ஊத்தினா தட்டு மாத்தலாம். இல்லாட்டி தட்ட எத்துகினு திரும்பிருவோம்," என்றாள் கெங்கம்மா. யசோதராவின் முகம் செத்துப்போனது. எனக்கு அந்தப் பொம்பளையை அங்கேயே நாலு வார்த்தை கேட்க வேண்டும்போல் இருந்தது. பெண்ணுக்காக வாயை மூடிக்கொண்டேன்.

நிச்சயத்துக்கென்று ஒரு லாரி தனியாகச் சொல்லிவைத்தாள் ரமாபாய். ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. பிரியாணி போடும் பாய் அடுப்பு மூட்டி, அண்டாவைக் கவிழ்த்துவைத்து அதன்மேலேயே உட்கார்ந்திருந்தார். லாரி வரவில்லை. ரமாபாய் போன் போட்டாள்.

"ஜஸ்ட் நவ் லெஃப்ட்க்கா," என்றார் ஆன்றோ.

எங்களுக்குச் சொல்லவே வேண்டாம், அவள் முகத்திலேயே தெரிந்தது. புடவை மாற்றக்கூட இல்லை. ஷேர் ஆட்டோ பிடித்து டோல்கேட்டுக்குப் போய், ஆன்றோவுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். அங்கே நடந்ததை அவள் எத்தனையோ தடவை சொல்லிவிட்டாள், எனக்கு மனப்பாடம்.

"லாரி வந்தாதான் எந்திரிப்பேன். இன்னாத்துக்குப்பா டபாய்க்கிற? டிரைவர் எங்க?"

ஆன்றோ மூஞ்சியைத் துடைத்துக்கொண்டார். "உள்ளதச் சொல்லுதேன்க்கா. ஒரு டிரைவரும் வரல்ல. ஒருத்தன் வீடு தெரியும், நேர்ல போனாத்தான் இழுத்துட்டு வர முடியும். போனைப் பாத்துக்க ஆளில்லையே."

"நான் பாத்துக்கறேன். நீ ஜல்தியா போ."

அவர் போனதுதான் தாமதம், போன் அடித்தது. கொடுங்கையூரிலிருந்து ஒரு ஆள், லாரி எங்கே என்றான். ரமாபாய் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உண்மையைச் சொன்னாள். "லாரி இல்ல நைனா. வேற எங்கனா பாத்துக்க." அவன் அவளுடைய ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டினான். அடுத்து ஒரு பொம்பளை. அவளுக்கும் உண்மையைத்தான் சொன்னாள். அவள் திட்டவில்லை, கைக்குழந்தையை வைத்துக்கொண்டு என்ன செய்வேன் என்று அழுதாள். ஆன்றோவுக்கு ஏன் அந்த வயதிலேயே வழுக்கை விழுந்தது என்று ரமாபாய்க்கு அப்போதுதான் புரிந்ததாம்.

மூன்றாவது போன் எங்கள் முனைக்கடையிலிருந்து. பேசியது யசோதரா. பட்டுப்புடவையும் தலைநிறையப் பூவுமாக நின்றவள் பக்கத்தில் நானும் நின்றேன். மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கியாகிவிட்டது. குடிக்கக் கொடுத்த கலர் சோடாவையும் குடித்துத் தீர்த்துவிட்டார்கள்.

"அம்மா, எல்லாரும் வந்துட்டாங்க. பாய் தண்ணி கேக்கறாரு. லாரி இன்னாச்சு?"

ரமாபாய் வெளியே பார்த்திருக்கிறாள். காலி லாரி ஒன்று வெயிலில் நிற்கிறது, நிழலில் ஒரு நாய் படுத்திருக்கிறது. இரண்டு பேரிடம் சொன்ன உண்மை மூன்றாவதாகப் பேசிய சொந்த மகளிடம் வரவில்லை. அந்தக் குரலில் இருந்த ஆசையை எப்படி உடைப்பாள்?

"ஆன் தி வேடி கண்ணு," என்றாள்.

யசோதரா போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது. பின்னாலேயே கெங்கம்மா வந்து நின்றதை நாங்கள் கவனிக்கவில்லை.

"உங்கம்மா இன்னா சொல்லுது?"

"ஆன் தி வேயாம் அத்த."

"தோ, வந்துரும்," என்று நான் அவசரமாகப் பல்லைக் காட்டினேன்.

கெங்கம்மா சலித்துக்கொண்டாள். "எங்க வர்றது. ஆன் தி வேன்னா இன்னும் ரொப்பவே இல்லன்னு அர்த்தம்."

எனக்குச் சுருக்கென்று உறைத்தது. வாய் சும்மா இருக்குமா எனக்கு? "அது உங்களுக்கு எப்டிக்கா தெரியும்? உங்கூட்லதான் கொயாவ தொறந்தா கொட்டுமே."

கெங்கம்மா வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே இருந்தாள். விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. பிறகு கடை ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தாள். "கொட்டும். காத்து கொட்டும். எங்க தெருவுலயும் மூணு மாசமா லாரிதான். சம்மந்தம் பேச வந்த எடத்துல அத சொல்லிகினா இருப்பாங்க?"

யசோதரா அழுகையும் சிரிப்புமாக நின்றாள். கெங்கம்மா அவள் கன்னத்தைத் துடைத்துவிட்டாள். "அய்வாத. மை கலையுது பாரு. உங்கூட்டு குடம்லாம் எங்க கீது? லாரி வந்தா முன்னால எடம் புடிக்க வாணாமா?"

லாரி மதியத்துக்கு மேல்தான் வந்தது. ஆன்றோ இழுத்துவந்த டிரைவர் பக்கத்தில் ரமாபாய், காலையில் கட்டியிருந்த அதே புடவையில். கெங்கம்மாவின் காலில் விழுந்தாவது மகள் வாழ்க்கையைக் காப்பாற்றிவிட வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தாளாம். லாரி திரும்பியதும் அவள் பார்த்தது எங்கள் வரிசையைத்தான். முதலில் நின்றது நான். என் குடத்தைக் காலால் தள்ளிவிட்டு, பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ரமாபாய் வீட்டு டிரம்மைப் பைப்புக்கு நேராக நகர்த்திக்கொண்டிருந்தாள் கெங்கம்மா.

"ஐய, விருந்தாளியாச்சேன்னு பாக்கறேன். வரிசைல வாக்கா," என்றேன் நான்.

"யாரு விருந்தாளி? சம்மந்திமே நானு. தள்ளு."

லாரிக்குள் இருந்த ரமாபாய் கதவைத் திறந்து இறங்காமல், முந்தானையில் முகத்தைப் பொத்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நான் நகர்ந்து இடம் விட்டேன், போகிற போக்கில் சம்மந்தியம்மாளை ஒரு இடி இடித்துவிட்டுத்தான்.